சாமி அறையில் வைத்த பெட்டி

எங்கள் வளவில் இரண்டு வீடுகள். முன்வீடு எனக்கு, பின்வீடு தங்கச்சிக்கு. இரண்டையும் அப்பா கட்டி, எங்கள் கல்யாணங்களோடு எங்கள் பெயரில் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மட்டக்களப்பில் எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கட்டிக்கொள்கிறவர் வந்து இருந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் என் கணவர் வாவிக்கு அக்கரையிலிருந்து ஒரு சூட்கேசும் ஒரு மோட்டார் சைக்கிளுமாக வந்து சேர்ந்தார். அம்மா என்னோடு இருக்கிறார். வீடுகள் எங்கள் பெயரில் இருந்தாலும் வளவு அம்மாவின் வாயில்தான் இருக்கிறது.

தங்கச்சியின் கணவர் கட்டாரில் வேலை. மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை, பால்குடி மறக்காத பிள்ளை. தங்கச்சி கணக்கியல் படித்தவள். வேலை இல்லாமல் இருந்தவளுக்குக் கொழும்புக் கம்பனி ஒன்று வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலையைக் கொடுத்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. முதலில் கொஞ்ச மாதம் பார்ப்பார்களாம். கடைசியில் பெரியவர் ஒருவர் திரையில் வந்து உட்கார்ந்து, அவள் மாதக் கணக்கை முடிக்கிறதை நேரே பார்ப்பாராம். சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். இன்டர்நெட் விட்டு விட்டுப் போனால் கொழும்புக்கே வந்து கம்பனிக் கந்தோரில் இருந்து செய்ய வேண்டும்.

கொழும்புக்குப் போவதென்றால் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதைச் சொல்லும்போதே தங்கச்சிக்குக் கண் கலங்கிவிடும். "தகப்பனும் அங்க, நானும் கொழும்பில எண்டா இந்தப் பிள்ளைக்கு ஆரக்கா?" என்பாள். எங்களிடம் என்ன குறை என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றாலும், அவள் கேட்பது நியாயம்தான்.

இன்டர்நெட் என் வீட்டில் இருந்தது. அது வந்த கதையே ஒரு கதை. லைன் இழுக்க வந்த பையன்கள் வீட்டின் முன் ஹோல் சுவரில் துளை போடப் போனார்கள். அம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார். "அவர் நிண்டு பூசின சுவர். அதில ஓட்டை போட நான் விடமாட்டன்." அப்பாவின் சுவரை விட்டால் வேறு வழி? சாமி அறையின் பின் சுவரில் ஏற்கெனவே ஒரு துளை இருந்தது. முற்றத்து வைரவர் சாமிக்கு லைட் போட அப்பாவே போட்ட துளை. அதனால் இன்டர்நெட் வைரவரின் வயரோடு உள்ளே வந்து, சாமிப் படங்களுக்குப் பக்கத்துத் தட்டில் ரவுட்டராக உட்கார்ந்தது. ரவுட்டரில் கேபிள் குத்த இரண்டு இடம்தான். ஒன்று அம்மா நாடகம் பார்க்கும் டிவிக்கு. மற்றது என் பிள்ளைகள் படிக்கும் கம்ப்யூட்டருக்கு.

தங்கச்சி வீட்டுக்கு வைஃபை போகாது. நடுவில் கிணறு, குளியலறை, தென்னைகள், அப்பாவின் தடித்த சுவர்கள். போன் சிக்னலும் எங்கள் பக்கம் ஒரு கோடுதான், அதுவும் கிணற்றுக்கட்டில் வைத்தால். கம்பனி அனுப்பிய பெரிய கம்ப்யூட்டரைக் கிணற்றுக்கட்டில் வைக்க முடியுமா? என் வீட்டில் வந்து செய்யலாமென்றால் என் பிள்ளைகளின் சத்தமும் அம்மாவின் நாடகமும் விடாது. முதல் கிழமை அவள் பாதி நாள் வேலை செய்தாள், மீதி நாள் அழுதாள்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. களுவாஞ்சிக்குடிக் கந்தோரில் நான் எழுதுவினைஞர். இப்போது அதற்கு முகாமைத்துவ உதவியாளர் என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், வேலை அதேதான். அங்கே எல்லா மேசைக்கும் கேபிள் ஓடி ஒரு சின்னப் பெட்டியில் போய்ச் சேர்வதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு கேபிள் உள்ளே வந்தால் பல கேபிள் வெளியே போகும். இவ்வளவுதானே! அதை எங்கள் வளவில் செய்தால் என்ன? இரவு சாப்பாட்டில் சொன்னேன். அம்மா "துளை போடாம எண்டா என்னவும் செய்" என்றார். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆள் கூப்பிடுங்க. கரண்டு வேலையில கைய வைக்காதீங்க" என்றார்.

அவருக்குக் கரண்டு என்றால் பயம். அக்கரையில் அவருக்கு வயல் இருக்கிறது. அந்த வயல் வட்டைக்குள் யானை வந்தால் பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போகிற மனிதர். ஆனால் ஒருமுறை யானைக்குப் போட்ட மின்வேலியில் முழங்கை பட்டுவிட்டது. அதன்பிறகு வீட்டில் பல்ப் மாற்றுவதும் நான்தான். "யானைக்குப் பயமில்லாத ஆளுக்கு யானை வேலிக்குப் பயம்" என்று நான் கிண்டல் செய்தால், "உங்களுக்கு அடிச்சிருந்தா தெரியும்" என்று எழும்பிப் போய்விடுவார்.

சாமான் வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். கடைக்காரர், "எத்தனை ஓட்டைப் பெட்டி வேணும், மிஸ்?" என்று கேட்டார். எட்டு என்றேன். "ஆர் இழுக்கிற?" என்றார். நான்தான் என்றேன். என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப கேபிள் தலை கொஞ்சம் கூடவே கொண்டு போங்க. முதல்ல நல்லாப் பழுதாகும்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் வாங்கிக்கொண்டேன்.

வாங்கியது நல்லதாகப் போயிற்று. கேபிளுக்குள் எட்டு மெல்லிய வயர்கள், எட்டு நிறத்தில். அவற்றை ஒரு ஒழுங்கில் நேராக்கி, நுனி வெட்டி, தலைக்குள் தள்ளி, குறடால் நசுக்க வேண்டும். போனில் ஒரு பெடியன் சிரித்துக்கொண்டே செய்து காட்டினான். எனக்கு மண்ணிறம் வந்தால் பச்சை வராது, பச்சை வந்தால் நீலம் கோணிக்கொண்டு போகும். தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிறம் வாசித்தாள். நான் ஏசினேன். அவள் திருப்பி ஏசினாள். பிள்ளை பழுதாய்ப்போன தலையொன்றை வாயில் போடப் பார்த்தது. எத்தனை தலை வீணாயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை.

கேபிளை முதலில் தென்னைக்குத் தென்னை கட்டி மேலால் இழுத்தேன். இரண்டாம் நாளே ஒரு மட்டை விழுந்து அறுத்துக்கொண்டு போயிற்று. "நான் அப்பவே நினைச்சன்" என்றார் அம்மா. நினைத்ததைச் சொல்லியிருக்கலாம்! பிறகு என் கணவர்தான் மண்வெட்டியை எடுத்து வேலியோரமாகக் கான் வெட்டித் தந்தார். மண் வேலை என்றால் அவருக்குப் பயமில்லை. பிளாஸ்டிக் குழாய்க்குள் கேபிளை விட்டுப் புதைத்தோம். வைரவருக்கு முன்னால் குறுக்கே போகக்கூடாது என்று அம்மா சொன்னதால் பின்னால் சுற்றிப் போனோம். கான் மூடும்வரை கணவர் குழாயை வெறுங்கையால் தொடவேயில்லை. அதில் கரண்டு ஓடாது என்று நான் சத்தியம் பண்ணியும் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் பிடித்தார்.

பெட்டியை எங்கே வைப்பது? ரவுட்டர் இருக்கிற சாமி அறையில்தான். யோசிக்க யோசிக்க அது எனக்கு நல்ல இடமாகவே பட்டது. வாவிக் காற்று நேரே அடிக்காத அறை. பிள்ளைகள் கண்டதையும் பிடுங்காத அறை. மாதத்தில் மூன்று நாள் நானும் தங்கச்சியும் உள்ளே போக ஏலாதே என்பதும் யோசனையில் வந்தது. அதற்குத்தான் அம்மா இருக்கிறாரே! அவருக்கு அந்த வயது தாண்டிவிட்டது. ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு பிளக் பலகை வைத்தேன். கரண்ட் எகிறினால் தானாக நின்றுவிடும், பிறகு சிவப்புப் பொத்தானை அமத்தினால் திரும்ப வரும். அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். "பச்சை லைட் மினுங்கினா சுகமா இரிக்கி. மினுங்காட்டி சிவப்ப அமத்துங்க."

அம்மா நல்லாகவே கற்றுக்கொண்டார். அடுத்த வெள்ளி பார்த்தால் பெட்டியின் மேல் சந்தனப் பொட்டு, ஒரு செவ்வரத்தம் பூ.

"அம்மா! ஓட்டைக்குள்ள போனாப் பழுதாப் போகும்!"

"ஓட்டையில ஆர் வச்ச? நெத்தியிலதான் வச்சிரிக்கன். நம்மட பிள்ளைக்குச் சோறு போடுற சாமான்தானே."

தங்கச்சி வீட்டில் கேபிளைக் குத்தியபோது கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு சின்னப் பச்சை எழும்பி மினுங்கியது. தங்கச்சி கதிரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "அக்கா, நிக்குதக்கா" என்றாள். அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், "கேபிள் தலை இனி இல்ல, கவனமா வச்சிக்கொள்" என்று ஏசிவிட்டு வந்துவிட்டேன். அன்று முதல் ஒருநாளும் விட்டுப் போகவில்லை. அவள் வேலை செய்வாள், பக்கத்தில் ஏணையில் பிள்ளை தூங்கும். பசித்தால் எடுத்துப் பால் கொடுப்பாள். அந்த மாதங்கள் எங்கள் வளவில் நல்ல மாதங்கள்.

நான் எல்லாம் கணக்குப் போட்டேன். ஒன்றை மட்டும் கணக்குப் போடவில்லை.

அம்மாவின் பெரியம்மா மகள் ஒருவர், நல்ல வயசாளி, வேறு ஊரில் இறந்துபோனார். எங்கள் குடிதான், ஒரே வம்சம். எங்கள் பக்கம் குடி தாய் வழியாக வரும். அதனால் சாவுத் தீட்டு, அம்மாவுக்குத் துடக்கு, எனக்குத் துடக்கு, தங்கச்சிக்குத் துடக்கு, எங்கள் பிள்ளைகளுக்கும் துடக்கு. முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை சாமி அறைப் பக்கம் யாரும் போகக்கூடாது. செய்தி வந்த கையோடு அம்மா அறையைப் பூட்டித் திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துவிட்டார். பெட்டியின் கரண்டை நிப்பாட்டாமல் விட்டதே நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே ஏதும் நடந்தால் அமத்துவதற்கு ஒரு கையும் இல்லை. பக்கத்து வளவில் ஒருவரைக் கூப்பிடலாம் என்றால் அக்கம்பக்கம் முழுக்க எங்கள் குடி ஆட்கள்தான்.

பெரியவர் திரையில் வரும் நாளும் துடக்குக்குள்தான் வந்தது. அன்று நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். காலையில் தங்கச்சி தலை குளித்து, நல்ல சட்டை போட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தயாராக இருந்தாள். பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பது தாண்டியதும் எங்கோ டமார் என்றொரு சத்தம். கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மின்விசிறி சுற்றியது, பல்ப் எரிந்தது. இன்டர்நெட் வரவில்லை.

சாமி அறைக்கு மேலே காற்றுப் போக வைத்த பூக்கல் இருக்கிறது. கதிரை போட்டு ஏறிப் பார்த்தேன். உள்ளே ஒரே இருட்டு. ரவுட்டரும் செத்துக் கிடந்தது, பெட்டியும் செத்துக் கிடந்தது. பலகையின் சிவப்புப் பொத்தான் துள்ளி நின்றது தெளிவாகத் தெரிந்தது. கையை நீட்டினால் எட்டாது. தடி விட்டுப் பார்த்தேன், சரஸ்வதி படம்தான் ஆடியது.

தங்கச்சி ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, போனில முயற்சி பண்ணினன். படமே வருகுதில்ல. என்ன செய்யிற?"

"அம்மா, திறப்பத் தாங்க" என்றேன்.

"என்ன பேய்க்கதை கதைக்கிறாய்? துடக்கோட உள்ளுக்குப் போறதா?"

"ஒரு பொத்தான்தானேம்மா! அவள் கொழும்புக்குப் போனா இந்தப் பிள்ளைய ஆர் பாக்கிற?"

"நான் பாப்பன். சாமி குத்தத்த ஆர் பாக்கிற?" என்றார் அம்மா. ஆனால் குரல் முதலிருந்த குரல் இல்லை. பிள்ளை அவர் தோளில் கிடந்து மாலையைச் சப்பிக்கொண்டிருந்தது.

குசினியில் சத்தம் காட்டாமல் பழஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. "இவர் வேற குடிதானே!" என்று கத்தினேன்.

அம்மா தலையை ஆட்டினார். "இந்த வீட்டில எங்களோட ஒரு பானையில சாப்பிடுற ஆள். மருமகனுக்கும் துடக்குத்தான்."

என் கணவர் மாமியாரோடு ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "மாமி, உங்கட குடித் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருசமும் நான் வெளியில நிண்டுதானே கும்பிடுறன். வேற குடி எண்டு என்னைப் பிறத்தியாத்தானே வச்சிரிக்கிறீங்க. துடக்குக்கு மட்டும் ஏன் என்னை உள்ளுக்கு எடுக்கிறீங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை வருடமாகத் திருவிழாவன்று நான் பட்டுச்சீலையோடு முன்னுக்குப் போய் நிற்கிறேன். அவர் கோயில் மதிலோரம் செருப்புகளுக்குக் காவல் நிற்பதைப் பார்த்தும் இருக்கிறேன். அது அவருக்கு வலிக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அம்மா பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்தார். சீலைத் தலைப்பை அவிழ்த்தார். திறப்பை எடுத்து நீட்டினார். "குளிச்சிட்டுப் போங்க" என்றார்.

என் கணவர் கிணற்றடிக்கு ஓடினார். வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, வேட்டியை மாற்றி, திறந்து உள்ளே போனார். நாங்கள் மூன்று பெண்களும் வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றோம். கடிகாரத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

"சிவப்புப் பொத்தான் தெரியுதா?"

"தெரியுது. அடிக்குமா?"

"அடிக்காது! அமத்துங்க!"

"ஈரக் கை."

"சால்வையில துடைச்சிட்டு அமத்துங்க, என்ட ஆண்டவா!"

கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். டிக் என்றது. லைட்டுகள் பற்றிக்கொண்டு எழும்பின. அந்தத் திடுக்கில் அவர் கையை உதறினார் பாருங்கள், பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கழன்று விழுந்தது.

"ஐயோ, கழண்டு போச்சு! இது எந்த ஓட்டையில இருந்த?"

"எதில எண்டாலும் குத்துங்க! அந்தப் பெட்டிக்கு எல்லா ஓட்டையும் ஒண்டுதான்!"

"நல்ல பெட்டி" என்றார். கேபிள் தலையை ஒரு நண்டைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்துக் குத்தினார். பச்சை மினுங்கியது. தங்கச்சி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் பின்வீட்டுக்கு ஓடினாள்.

கூட்டம் தொடங்கியதும் நான் அவரை வெளியே வரச் சொன்னேன். அவர் வரவில்லை. "திரும்பக் கரண்ட் போனா? நான் இதுக்குள்ளயே இரிக்கன்" என்றார். பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஈரத் தலை. கரண்டுக்குப் பயந்த மனிதர் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மினுங்குகிற பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. துடக்கோடு உள்ளே போக ஏலாதே.

அம்மா வாசலில் நின்று மெதுவாக, "போனதோட அந்தச் சாமி விளக்கையும் ஏத்திவிடுங்க, மருமகன். கன நாளா இருட்டில கிடக்கிறாங்க" என்றார். அவர் ஏற்றினார்.

மத்தியானம் தாண்டித் தங்கச்சி வந்தாள். நடந்துதான் வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. நேரே என்னிடம் வந்து பிள்ளையை வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு சாமி அறை வாசலில் போய் நின்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"அத்தான், வெளியில வாங்க. வேலை நிரந்தரமாம். நான் ஒரு இடமும் போகல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "மெய்யாவா? அப்ப இத நிப்பாட்டிவிடவா?" என்றார்.

"தொடாதீங்க!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். பிள்ளை பயந்து அழத் தொடங்கியது. நாங்கள் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிப்போனோம். செத்த வீட்டுத் துடக்குக்குள் இப்படிச் சிரிக்கக்கூடாது என்று அம்மாவே சொல்லிக்கொண்டு அம்மாவே சிரித்தார்.

கால் மரத்துப்போய் அவர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். கதவைப் பூட்டி, திறப்பை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"அது உங்கட்டயே இருக்கட்டும், மகன்" என்றார். "எங்கட குடியில இன்னும் கிழடுகட்டைகள் கனபேர் கிடக்கு."